எண்ணப்படுவோரும் எண்ணுவோரும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

'புள்ளியியல் கற்போம்' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். அழைப்பிதழைக் கண்ட இளைஞர் இருவர் சென்ற வாரம் மந்தைவெளியில் உள்ள நம் இல்லத்திற்கு வந்தனர். "ஐயா, சட்டம் பற்றியோ மருத்துவம் பற்றியோ பேசுவீர்கள் என்று எண்ணினோம். புள்ளியியலில் பேசுவதற்கு என்ன இருக்கிறது? அது கணக்கர்களுக்கு உரிய வேலை அல்லவா?" என்று கேட்டனர். விழாவுக்கு வாருங்கள், அங்கே விடை சொல்கிறோம் என்று கூறி அனுப்பினோம். அவ்விருவரும் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குரிய விடையே இவ்வுரை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களுக்குப் புள்ளியியலைப் பரிந்துரைக்க வந்திருக்கும் நாம் அப்பாடத்தில் ஒரு முறை தோற்றவர். பகலில் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டு, மாலையில் கல்லூரிக்குச் சென்று இளங்கலை பயின்ற காலம் அது. பட்டப் படிப்பில் புள்ளியியல் ஒரு தாளாக அமைந்திருந்தது. கூட்டுச்சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம் என்று சூத்திரங்களை எல்லாம் மனப்பாடம் செய்தோம். தேர்வில் எண்கள் சற்று மாறி வந்தபோது கை நின்றுவிட்டது. நூற்றுக்கு 28 மதிப்பெண் பெற்றோம். அதனினும் பெரிய வேதனை, மதிப்பெண் பட்டியலைப் பார்த்த ஒருவர் சொன்ன சொல்: "உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது, தம்பி. வேறு வழி பார்."

அந்தச் சொல் பல இரவுகள் நம்மை உறங்கவிடவில்லை. அதற்கு ஒரு மறுமொழி உண்டு என்பதைப் பின்னால் புள்ளியியலே நமக்குக் கற்பித்தது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேரை எண்ணிப் பார்த்து அவர் அம்முடிவுக்கு வந்தார்? எந்தக் கூறெடுப்பில் கண்டார்? ஒருவனுடைய ஒரு நாள் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு சமுதாயம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவது எந்த நூலில் உள்ள முறை? அன்று அவ்வாறு கேட்க நமக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றிரவு உறங்கியிருப்போம்.

அந்நாளில் நாம் வாழ்ந்த குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் பெரியவர் ஒருவர் இருந்தார். அரசு அலுவலகம் ஒன்றில் புள்ளிவிவரப் பிரிவில் எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்றவர். நம் தோல்வியைக் கேள்வியுற்று அவரே அழைத்தார். சூத்திரம் எதையும் அவர் கேட்கவில்லை. "தம்பி, உங்கள் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? யாருக்கு என்ன சம்பளம்?" என்றுதான் கேட்டார். துணி எடுத்துப் போடும் பையன்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவர்க்கும் மாதம் 600 ரூபாய். மேலாளர் ஒருவர்க்கு 6,600 ரூபாய். கூட்டினால் 12,000. பத்தால் வகுத்தால் சராசரி 1,200 ரூபாய்.

"உங்கள் கடையில் சராசரிச் சம்பளம் ஆயிரத்து இருநூறு என்று நாளை முதலாளி செய்தித்தாளில் சொன்னால் அது பொய்யா?" என்று கேட்டார். பொய்யன்று என்றோம். "ஆயிரத்து இருநூறு வாங்குகிற ஒருவனை எனக்குக் காட்டு" என்றார். ஒருவனும் இல்லை. "சராசரி என்பது, எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தால் ஆளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று சொல்லும் எண். பங்கிட்டார்களா என்பதை அது சொல்லாது, தம்பி" என்றார். பின்னர்ச் சம்பளங்களை வரிசையில் எழுதச் செய்து, நடுவில் நிற்பதைப் பார்க்கச் சொன்னார். 600 நின்றது. அதுவே இடைநிலை அளவு. மேலாளருக்குப் பத்தாயிரம் கொடுத்தாலும் இடைநிலை அசையாது, சராசரி மட்டும் ஏறும் என்பதை அன்றே கண்டுகொண்டோம். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கும் வருமானத்தை ஆராய்வோர் இடைநிலை அளவையும் சேர்த்துக் கேட்பது இதனால்தான். இரண்டாம் முறை தேர்வு எழுதினோம், தேர்ச்சி பெற்றோம்.

இளைஞர்களே! புள்ளியியல் நம் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பாட்டிமார் வாக்கு. கூறெடுப்பு முறை முழுவதும் அதில் அடங்கியுள்ளது. முழுமைத் தொகுதியாகிய பானையை உண்டு பார்க்க வேண்டியதில்லை; ஒரு சிறு கூறு போதும். ஆனால் அப்பாட்டி பதம் பார்ப்பதற்கு முன் என்ன செய்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அகப்பையால் அடிவரை கிளறினார். கிளறாமல் மேலே உள்ள பருக்கையை மட்டும் எடுத்தால், அடி தீய்ந்திருப்பது தெரியாது. ஞாயிறு மாலை பாண்டி பஜாரில் நின்று, கடைக்கு வருவோரைக் கேட்டுச் 'சென்னை மக்களின் வருமானம் இவ்வளவு' என்று ஒருவர் எழுதினால், அவர் கிளறாத பானையில் பதம் பார்த்தவர். அடையாற்றங்கரைக் குடிசையில் உள்ளோர்க்கும், அபிராமபுரத்து மாடியில் உள்ளோர்க்கும், பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பில் உள்ளோர்க்கும் அக்கூறில் இடம்பெறும் வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். நம்மைப் பற்றிய கணக்கு ஒன்றைக் கண்டால், 'பானையைக் கிளறினார்களா?' என்று முதலில் கேளுங்கள்.

இனி, நாம் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பிறர் பிழையைச் சொல்வது எளிது. தலைமையாசிரியராய்ப் பொறுப்பேற்ற சில ஆண்டுகளில், பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் பள்ளி மிக நல்ல தேர்ச்சி பெற்றது. கணக்கு எளிதில் விளங்கும்பொருட்டு முழு எண்களாகச் சொல்கிறோம். தேர்வு எழுதியோர் 40 பேர். தேர்ச்சி பெற்றோர் 38 பேர். '95 விழுக்காடு தேர்ச்சி' என்று துணியில் எழுதி வாயிலில் கட்டினோம். பாராட்டுகள் வந்தன. ஒரு நாள் தாய் ஒருவர் தம் மகளின் மாற்றுச் சான்றிதழுக்காக வந்தார். ஆற்றங்கரையிலிருந்த அவர்கள் வீடு அகற்றப்பட்டு, குடும்பம் பெரும்பாக்கத்திற்கு அனுப்பப்பட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பின் நடுவிலேயே அப்பெண் பள்ளிக்கு வருவது நின்றுவிட்டது. சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வாயில் வரை சென்ற அந்தத் தாய், துணியைப் பார்த்துத் திரும்பி வந்து கேட்டார்: "ஐயா, இந்தக் கணக்கிலே எங்கள் பெண் இருக்கிறாளா?"

நாம் விடை சொல்லவில்லை. அவர் சென்ற பின் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். முந்திய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்தோர் 50 பேர். அவர்களுள் தேர்வுக்கு வந்தோரே 40 பேர். ஐம்பதில் முப்பத்தெட்டு என்றால் 76 விழுக்காடு. பின்னத்தில் கோட்டுக்கு மேலே உள்ளதைத் தொகுதி என்றும், கீழே உள்ளதைப் பகுதி என்றும் நீங்கள் ஐந்தாம் வகுப்பிலேயே படித்தீர்கள். தொகுதியை நாம் மாற்றவில்லை. அந்த 38 உண்மையான 38. பகுதியில்தான் பத்துப் பிள்ளைகளை விட்டுவிட்டோம். பொய் சொல்லாமலே ஒரு பொய்யைத் துணியில் எழுதிக் கட்டியிருந்தோம்.

அந்தத் துணியை அன்றே இறக்கினோம். பத்துப் பேரும் எங்கே என்று ஆசிரியர்களோடு தேடினோம். அறுவர் குடும்பத்தோடு இடம் பெயர்ந்திருந்தனர். அவர்களுள் நால்வர் அங்குள்ள பள்ளியில் சேர்ந்திருந்தனர், இருவர் எங்கும் சேரவில்லை. மூவர் வேலைக்குச் சென்றுவிட்டனர். ஒரு பெண்ணுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்தனர். எங்கும் படிக்காத அறுவருள் மூவரை மீண்டும் வகுப்பறைக்கு அழைத்துவர முடிந்தது. மூவரை முடியவில்லை. அதன் பின்னர் ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் இரண்டு விழுக்காடுகளை எழுதி வருகிறோம்: தேர்வு எழுதியோரில் தேர்ந்தோர் ஒன்று; ஒன்பதாம் வகுப்பில் இருந்தோரில் தேர்ந்தோர் மற்றொன்று. இரண்டாவது எண் நமக்குப் பெருமை தராது. ஆனால் யாரைத் தேட வேண்டும் என்பதை அது சொல்லும்.

இளைஞர்களே, இவ்வுரையில் வேறொன்றும் உங்கள் நினைவில் நில்லாவிட்டாலும் இது நிற்கட்டும். யாரேனும் உங்களிடம் விழுக்காடு சொன்னால், 'எதில்?' என்று கேளுங்கள். பகுதியைக் கேளுங்கள். அதில் யார் விடப்பட்டார் என்று கேளுங்கள். நம் சமுதாயத்தின் நூற்றாண்டு கடந்த போராட்டத்தில் பெரும்பங்கு இந்தக் கேள்விதான்.

சான்றுகள் காட்டுவோம். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே, நம் மக்களைப் பிறர் இட்ட பெயரால் எழுதாமல் பூர்வத் தமிழர் என்று பதிய வேண்டும் என அயோத்திதாசப் பண்டிதர் வற்புறுத்தினார் என்பது வரலாறு. பின்னாளில், 1907இல், இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழை நடத்திய அப்பெருமகனார், கணக்கேட்டில் எழுதப்படும் பெயரும் ஓர் உரிமை என்று உணர்ந்திருந்தார். ஆசிரியத் தொழிலிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்த எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால், 1922இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரைச் சென்னை மாகாண அரசு ஏற்றது. இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், பெசன்ட் நகரில், 1894இல் கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி நிற்கிறது. பள்ளிப் பதிவேட்டில் நம் பெயர் ஏறுவதே அன்று ஒரு புரட்சியாக இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் பொருளியல் அறிஞர் என்பதை நீங்கள் அறிவீர்கள். 1932இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த லோதியன் குழுவில் அவர் உறுப்பினராய் இருந்தார். நாட்டில் தீண்டாமைக்கு ஆளானோர் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் என்று அதற்கு முன்னர்ப் பொதுவாக ஏற்கப்பட்டிருந்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் கிடைக்கும் என்னும் நிலை வந்தவுடன், சில மாகாணங்களில் தீண்டாதாரே மிகச் சிலர்தாம் என்று வாதம் எழுந்தது. கோடிகளாய் இருந்தோர் ஒரே இரவில் எப்படிப் பின்னங்களாய்ச் சுருங்கினர் என்பதை அண்ணல் தனிக் கட்டுரையாகவே எழுதியுள்ளார். குடிநீர்க் கிணற்றிலும் கோயில் வாயிலிலும் நம்மைத் தனியே பிரித்துக் காட்டத் தெரிந்தவர்களுக்கு, எண்ணும்போது மட்டும் நம்மைக் காண முடியவில்லை! அதே ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களும், அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30 இடங்களும் ஒதுக்கப்பட்டன. இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் எம்.சி. ராஜா அவர்களும் அதில் கையெழுத்திட்டோருள் அடங்குவர். அந்த ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு வாதம் இருந்தது. வாதிடக் கணக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார்.

விடுதலைக்குப் பின்னரும் இதுவே நிலை. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் நமக்குரிய தனித் தொகுதிகள் மக்கள்தொகை விழுக்காட்டைப் பின்பற்றியே அமைய வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் 44 தனித் தொகுதிகள் அவ்வாறு வந்தவை. கல்வியிலும் அரசுப் பணியிலும் இருந்த 16 விழுக்காட்டு இடஒதுக்கீடு 1971இல் 18 ஆக உயர்ந்தது. 2009இல் அதற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு அமைந்தது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் இனத்தார் ஏறத்தாழ ஒரு கோடியே 44 இலட்சம் பேர், நூற்றுக்கு இருபது. இவ்விருபதிலும் பகுதியைக் கேளுங்கள். 1950ஆம் ஆண்டின் ஆணையின்படி, கிறித்தவம் தழுவிய நம் உறவினர் அப்பட்டியலில் இல்லை. சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் ஒரே தெருவில் வாழும் அண்ணன் அந்த எண்ணுக்கு உள்ளேயும், தம்பி வெளியேயும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நம் மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்பத் திட்ட நிதியை ஒதுக்கும் முறை 1979ஐ ஒட்டி வந்தது. அதற்கெனத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024இல் தனிச் சட்டம் இயற்றியது. அந்நிதி எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று, எதில் செலவாயிற்று என்று கேட்க ஒருவர் வேண்டும். அவருக்கு அட்டவணை படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தறிவுக் கணக்கை ஒரு பயிற்சியாகப் பார்ப்போம். 2001இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 73.5 விழுக்காடு, நம் மக்களுடையது 63.2. பத்துப் புள்ளி இடைவெளி. 2011இல் மாநிலத்திற்கு 80.1, நமக்கு 73.3. இடைவெளி ஏழாகக் குறைந்தது. மகிழலாம். ஆனால் 73.3 என்பது ஒரு சராசரி. ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்த்தால், நம் ஆண்கள் 80.9, நம் பெண்கள் 65.6. நமக்கும் மாநிலத்திற்கும் உள்ள இடைவெளியினும், நம் வீட்டிற்குள் அண்ணனுக்கும் தங்கைக்கும் உள்ள இடைவெளி இரு மடங்கு பெரிது. பிறரிடம் நீதி கேட்கும் நாம் இந்த எண்ணுக்கு யாரிடம் விடை கேட்பது? புள்ளியியல் இருபுறமும் வெட்டும் கத்தி என்று சொல்வது இதனால்தான்.

2011 கணக்கெடுப்பில் நாமும் பணியாற்றினோம். பிப்ரவரி 28ஆம் நாள் இரவு, வீடற்றோரை எண்ணும் இரவு. தியாகராய நகரில் கடைகள் அடைத்த பின், நடைபாதையில் உறங்குவோரிடம் ஒவ்வொருவராய்ச் சென்றோம். முதியவர் ஒருவர் எழுந்து அமர்ந்து, "என்னையும் எழுதுகிறீர்களா, சார்?" என்று கேட்டார். எழுதினோம். பெயரைச் சரியாக எழுதினோமா என்று இரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். எண்ணப்படுவதில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை அன்று கண்டோம். அதே பணியில் மற்றொன்றையும் கண்டோம். மயிலாப்பூரில் வாடகைக்குக் குடியிருந்த நம்மவர் குடும்பம் ஒன்று. சாதிக் கலத்திற்கு வந்தபோது அம்மையார் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் காதில் விழாமல் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். வேறொரு வீட்டில் சொல்லவே மறுத்துவிட்டனர். அவர்களை நாம் குறை கூறவில்லை. அச்சத்திற்குக் காரணம் அவர்கள் அல்லர். ஆனால் அவ்வாறு விடுபட்டவர் ஒவ்வொருவராலும் நம் எண் குறைந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச்சு முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு, சாதிவாரி விவரத்தோடு நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. தனிமனிதர் சொல்லும் விவரம் மறைவாகக் காக்கப்படும் என்பது 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் உறுதி. இதை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் சொல்லும் கடமை உங்களுடையது.

சரி ஐயா, எங்கே கற்பது என்று கேட்பீர்கள். வழிகள் உண்டு. வேலைக்குச் செல்வோரும் இல்லத்தரசியரும் சேர்ந்து கற்கக்கூடிய சமுதாயக் கல்லூரி என்னும் கருத்து அமெரிக்காவில் 1901இல் தோன்றியது. நம் பக்கத்தில் 1995இல் புதுச்சேரியிலும், மறு ஆண்டு சென்னையிலும் அது வேர் கொண்டது. சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் தோன்றியது; வேலையை விடாமல் கற்போர்க்கு அது ஏற்றது. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் புள்ளியியல் தமிழிலேயே ஒரு பாடமாக உள்ளது. கடற்கரைச் சாலை மாநிலக் கல்லூரியில் அதில் பட்டம் பயிலலாம்.

அடையாற்றை அடுத்துள்ள ஐ.ஐ.டி.யின் மதில் சுவரை நம்மில் பலர் பேருந்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறோம். 2020இல் அந்நிறுவனம் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. பெரும் நுழைவுத் தேர்வு இல்லை. வயது வரம்பு இல்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் சேரலாம். அடிப்படை நிலையில் உள்ள எட்டுப் பாடங்களுள் இரண்டு புள்ளியியல். முதற்பாடம் தரவுகளை வகைப்படுத்தலில் தொடங்கி, சராசரி, சிதறல், ஒட்டுறவு வழியாக நிகழ்தகவுக்குச் செல்லும். பாடம் வீட்டில், தேர்வு நேரில். பட்டியல் இன மாணவர்க்குக் கட்டணச் சலுகை உண்டு. தாட்கோ நிறுவனமும் இப்படிப்புக்கு உதவ முன்வந்து அறிவிப்புச் செய்ததுண்டு. சேருமுன் அங்கே கேட்டறியுங்கள். நம் பழைய மாணவர் மூவர் இதில் சேர்ந்தனர். அவர்கள் ஐயம் கேட்டு வந்தபோது, விடை சொல்லும்பொருட்டு நாமும் இரவில் அப்பாடங்களைப் புதிதாய்ப் படித்தோம். மூவருள் இருவர் தொடர்கின்றனர், ஒருவர் இடையில் நின்றார். பகுதியைச் சொல்லாமல் விடக்கூடாது அல்லவா? நின்றவர்க்கு அறிவு குறைவன்று. ஒரே கைப்பேசியை வீட்டில் நால்வர் பகிர்ந்துகொண்டனர். பாடம் ஆங்கிலத்தில் இருந்தது. இவ்விரண்டும் கழகம் தீர்க்கக்கூடிய குறைகளே. மாலையில் ஓர் அறையும், இரண்டு கணினியும், ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் விளக்க ஒருவரும் இருந்திருந்தால் அவரும் தொடர்ந்திருப்பார்.

வேலை வாய்ப்பையும் சுருங்கச் சொல்வோம். தேனாம்பேட்டையில் தலைமையகம் கொண்ட பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்குத் தேர்வாணையம் தேர்வு நடத்தி ஆள் எடுக்கிறது. 1961இல் தோன்றிய இந்தியப் புள்ளியியல் பணி, ஆட்சிப் பணி போன்றே மத்தியத் தேர்வாணையத்தின் வழி வருவது. 1931இல் மகலனோபிசு நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கிளை ஒன்று சென்னையிலேயே உள்ளது. இப்பதவிகளுக்கு நம் பிள்ளைகள் போட்டியிடுவது அரிதாயிருக்கிறது. பலர்க்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

கற்கும் முறைக்கும் இரண்டொரு சொல். சூத்திரத்தை முதலில் மனப்பாடம் செய்யாதீர்கள். அது எந்தக் கேள்விக்கு விடை என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் உங்கள் தெருவின் எண்களைக் கொண்டு செய்து பாருங்கள். தண்ணீர் லாரி வந்த நாள்களும், வந்த நேரங்களும் திட்ட விலக்கத்திற்குப் போதுமான பயிற்சி. ஒரு முறை தோற்றால் அஞ்சாதீர்கள். 28 மதிப்பெண் பெற்றவர் உங்கள் முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்.

நிறைவாக, மூத்தோர்களிடம் ஒரு விண்ணப்பம். இவ்விழா மலரில் நம் கழகத்தின் உதவித்தொகை பெற்று ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் செவிலியர்களாகவும் உயர்ந்தோரின் படங்கள் வெளிவருகின்றன. கண் நிறைகிறது. ஆயினும் நாம் இத்தனை நேரம் பேசியது உண்மையானால், இக்கேள்வியை இங்கேயே கேட்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளில் உதவித்தொகை பெறத் தொடங்கியோர் எத்தனை பேர்? படிப்பை முடித்தோர் எத்தனை பேர்? மற்றவர்கள் எங்கே? படத்தில் உள்ளோர் தொகுதி. பகுதி நம் பழைய கணக்குப் புத்தகங்களில் இருக்கிறது. அதை எடுத்து எண்ணும் பணியை இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். அவர்கள் அடையாறு, மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளில் நம்மவர் வாழும் தெருக்களிலும், பெரும்பாக்கத்திற்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களிலும் வீடு வீடாகச் சென்று, ஆறு முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளைப் பெயரோடு எழுதி வரட்டும். யார் பள்ளியில், யார் வேலையில், யார் வீட்டில் என்பது தெரியட்டும். கிடைக்கும் எண் நமக்குப் பெருமை தராமல் போகலாம். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நாம் யாரைத் தேட வேண்டும் என்பதை அது சொல்லும்.

மூன்றாம் வரிசை இளைஞர்களே! உங்கள் கேள்விக்கு இதுதான் விடை. நெடுங்காலம் நம்மைப் பிறர் எண்ணினர்; குறைத்தும் எண்ணினர், எண்ணாமலும் விட்டனர். இனி எண்ணுகோல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தத் தாய் கேட்ட கேள்வியை மறவாதீர்கள். நீங்கள் எழுதும் எந்தக் கணக்கைக் கண்டும், 'இதிலே எங்கள் பெண் இருக்கிறாளா?' என்று ஒரு தாய் கேட்டால், 'இருக்கிறாள், அம்மா' என்று சொல்லும்படி எழுதுங்கள்.